தங்கையா உண்ணி

நிலவில், விழித்திருக்கும் நேரமெல்லாம் சொறிந்துகொண்டிருந்த பதினோராயிரம் பேரை, ஒரு சொட்டு மருந்து தடவாமல், ஒரு மாத்திரை கொடுக்காமல், ஒருவர் மேலும் விரல்கூட வைக்காமல், ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் டாக்டர் மங்கையர்க்கரசி குணப்படுத்தினார். சொறிவது என்றால் நுனிவிரலால் நாசூக்காகத் தடவிக்கொள்வது இல்லை. அடிப்பிடித்த வாணலியைச் சுரண்டுவதுபோல. நிலவில் காற்று இல்லை, சத்தம் வெளியே கேட்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். இந்தச் சத்தம் பாறை வழியாகப் போனது. நிலவின் மறுகோடியில் இருந்த அதிர்வுமானிகள் அதைப் பிடித்து, எரிமலை ஒன்று கண் விழிக்கிறது என்று பூமிக்கு எச்சரிக்கை அனுப்பின. அவ்வளவு பெரிய அரிப்பை அவர் ஒரே ஒரு ஆளை வைத்து நிறுத்தினார்.

நேரில் பார்த்தவர்களில் இதை நம்பாதவர் ஒருவர்தான். டாக்டர் சாமுவேல் தங்கையா, பாளையங்கோட்டைக்காரர், தோல் மருத்துவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்புவதில்லை என்பது அவர் கொள்கை. இதைக் கண்ணால் பார்த்தும் அவர் நம்பவில்லை.

இருவரும் ஒரே கலத்தில்தான் நிலவுக்குப் போனார்கள். மறுபக்கத்தில், பழைய எரிமலைக் குழம்பு ஓடிக் குடைந்த குகை ஒன்றுக்குள் இருந்தது புதுக்காங்கேயம். கொங்குப் பக்கத்திலிருந்து போன பொறியாளர்கள் நான்கு தலைமுறைக்கு முன்னால் கட்டிய ஊர். அந்த ஊரில் அரிப்பு பரவி ஆறு மாதமாகியிருந்தது. தோலைப் பார்க்கத் தங்கையாவையும், மனத்தைப் பார்க்க மங்கையர்க்கரசியையும் அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மாள் உடல்நல உளவியலாளர். உடம்புக்கு வந்ததில் மனசு எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று அளப்பது அவர் தொழில். தங்கையாவின் அகராதியில், சம்பளம் வாங்கிக்கொண்டு வம்பு பேசுவது.

கலத்தில் சாப்பாட்டுக் குழாயைப் பிதுக்கியபடி அந்த அம்மாள் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "ஒரு ஊரே அரிக்குதுன்னா அதுக்கு மருந்து வேணாம் டாக்டர். ஒரு ஆள் போதும்."

"ஒத்த ஆள வச்சு என்ன செய்வீய? வீடு வீடாப் போயி முதுகு சொறிஞ்சு விடுவானா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கையா வலது புருவத்தைக் கட்டைவிரலால் எதிர்வாட்டில் நீவிவிட்டார். யோசிக்கும்போதெல்லாம் அவர் செய்கிற காரியம் அது. புருவமா அது? தேங்காய் நாரை இரண்டாகப் பிய்த்து ஒட்டியதுபோல இருக்கும். நீவி முடித்ததும் இரண்டொரு முடி அவர் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் விழும். அதை ஊதிவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

புதுக்காங்கேயத்தில் இறங்கியபோது அங்கே காலை உதிர்ப்பு நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போவதுபோலக் குடும்பம் குடும்பமாக வந்து, ஆளுயரக் கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். துலக்கி என்ற நடமாடும் எந்திரம் ஆறு தூரிகைக் கைகளால் கழுத்திலிருந்து குதிகால்வரை அவர்களைத் தேய்த்தது. உதிர்ந்த தோல், பொடுகு, நகத்துணுக்கு, காதுக்குள் இருந்து வந்த சமாசாரம் எல்லாம் அடியில் ஒரு தட்டில் சேர்ந்தது. அந்தத் தட்டைப் பிரசாதம்போல ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வழியில் ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்கு இன்னிக்கு நல்ல உதிர்ப்புங்" என்று ஒரு பெரியவர் இன்னொருவரைப் பாராட்டினார். அவர் வெட்கப்பட்டார்.

நிலவு மண்ணில் சத்து கிடையாது. பூமியிலிருந்து கலம் வருவது வருஷத்துக்கு இரண்டு முறை. ஆகையால் வீட்டுக்கு வீடு ஒரு பாத்தி. பாத்தியில் தோல், தோலில் காளான், காளான் சட்டியில். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பிறந்த வீட்டுப் பாத்தியில் ஒரு கூடை அள்ளிப் புகுந்த வீட்டுப் பாத்தியில் கலப்பார்கள். அதற்குப் பிறகுதான் தாலி.

இதையெல்லாம் கேட்ட தங்கையாவுக்கு, பூமியில் கடைசியாகச் சாப்பிட்ட இட்டிலி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது.

அவர்களைத் தங்கவைத்தவர் செங்கமலம். ஊரின் பாத்திகளையெல்லாம் மேற்பார்க்கும் உத்தியோகம், நாற்பதுக்குள் வயசு, வாயில் எப்போதும் ஒரு 'ங்'. விருந்தாளிகளுக்கென்று மிளகு போட்டு வறுத்த காளானை ஒரு வட்டத் தட்டில் கொண்டுவந்து தங்கையாவின் முன்னால் வைத்தார். வைத்த கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். கழுத்தில் நகம் கீறிய கோடுகள், காய்ந்தும் காயாமலும், சிவப்பும் மஞ்சளுமாக மினுமினுத்தன.

"இது எங்க வூட்டுக்காரரு பாத்திங்க. அவரு போயி நாலு வருசமாச்சுங். அடியில அவரு தோலு இன்னும் இருக்குதுங். ஒறம்பரை, விருந்துன்னு யாராச்சும் வந்தாத்தானுங் இதுல கை வெப்பேன்."

தங்கையா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். மென்றாரா என்றால் இல்லை. விழுங்கினாரா என்றால் அதுவும் இல்லை. செங்கமலத்தின் புருஷர் டாக்டருடைய நாக்கின் மேல் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். அதற்குள் மங்கையர்க்கரசி தம் தட்டைக் காலிசெய்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

"பூமியில உதுந்த தோல என்னங்க பண்ணுவீங்க?" என்று செங்கமலம் கேட்டார்.

தங்கையா துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் பண்ணுவதில்லை, அது பாட்டுக்கு விழும் என்றார். எங்கே விழும் என்று கேட்டார் செங்கமலம். மெத்தையில், தலையணையில் என்றார் இவர். அப்புறம்? அப்புறம் என்ன, அதன் மேலேயே படுத்துக்கொள்வோம். தாம் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற ஒன்பது வருஷத் தலையணையைப் பெருமையோடு எடுத்தும் காட்டினார். செங்கமலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இடுப்பளவு உயரத்தில், உருண்டைத் தலையோடு ஓர் எந்திரன். நலவிசாரி என்று பெயர். தினமும் இரண்டு வேளை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தேன் தடவிய பெண்குரலில் ஒரே கேள்வி கேட்கும்:

"வணக்கம். உங்களுக்கு எங்கேயாவது அரிக்கிறதா?"

"ஆமாங்" என்று செங்கமலம் முழங்கையைப் பிறாண்டத் தொடங்கினார். அடுத்த வீட்டில் "ஆமாங்". எதிர் வீட்டில் "ஆமாங், முதுகுலீங்". தெரு நெடுக அந்தக் கேள்வி போக, அதன் பின்னாலேயே கரகர கரகர என்று சத்தமும் போனது. தோல் பறந்தது. துலக்கிகள் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடின.

மங்கையர்க்கரசி தம் கணுக்காலைப் பார்த்தார். அங்கே அவருடைய கை இருந்தது. "டாக்டர், இந்தக் கேள்வி யாரோட யோசனை?"

என்னுடையது என்றார் தங்கையா, மார்பை நிமிர்த்தி. ஆறு மாதத்துக்கு முன்னால் குழாய் பழுதுபார்க்கும் ஒருவருக்குக் குதிகாலில் அரித்ததாம். காற்றில் ஈரம் குறைந்தால் எவனுக்கும் வருகிற அரிப்பு. ஊர் நிர்வாகி இளவழுதி பயந்துபோய்ப் பூமிக்குச் செய்தி அனுப்பினார். தங்கையா பதில் அனுப்பினார்: எதற்கும் எல்லோரையும் கேளுங்கள், காலையும் மாலையும்.

"கேட்கிறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு. கேட்ட அடுத்த வாரம் ஒரு தெருவுக்கு. இப்போ ஊருக்கே" என்றார் மங்கையர்க்கரசி.

"கேட்டா அரிக்குமோ? அப்பம் பசிக்குதான்னு கேட்டா பசிக்குமோ?" என்றார் தங்கையா. சொல்லி வாய் மூடவில்லை, அவர் வயிறு கடமுடா என்று உருண்டது. இருவரும் அதைக் கேட்கவில்லை என்று பாவனை செய்தார்கள்.

மறுநாள் முதல் தங்கையா வீடு வீடாகப் போனார். மழுங்கிய கத்தியால் சொறிந்த இடத்தைச் சுரண்டி, சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூக்கு தகட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அந்தக் காலத்தில் மற்ற மருத்துவர்கள் எல்லாவற்றையும் எந்திரத்திடம் விட்டுவிடுவார்கள். தங்கையா விடமாட்டார். பார்த்தார், புருவத்தை நீவினார், மறுபடி பார்த்தார். சீழ் கோத்த கொப்புளங்களை, தேன்கூடுபோல ஓட்டை விழுந்த முழங்கால்களை, ஒருவர் தாம் ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த பொருக்குகளைக்கூடப் பார்த்தார். அந்த மனிதர் அவற்றை அளவுவாரியாக ஒரு டப்பாவில் அடுக்கியிருந்தார். "இன்னும் பெருசு ஒண்ணு இருந்துச்சுங், பாத்தியில போட்டுட்டனுங்" என்று வருத்தப்பட்டார். தங்கையா தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிறகுதான் அது கிடைத்தது.

நுண்ணோக்கியில் வைத்த தகட்டில், ஒரு பொருக்கின் ஓரத்தில், ஓர் உண்ணி. புழுப்போல நீண்ட உடம்பு, முன்னால் எட்டுக் குட்டைக் கால்கள், அசிங்கமாக ஓர் ஆட்டம். அடுத்த வீட்டுத் தகட்டிலும் இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது. மாணவனாக இருந்தபோது இதன் சாயலில் ஒன்றைப் பாடத்தில் பார்த்த ஞாபகம் அவருக்கு வந்தது. ஆனால் புதுக்காங்கேயத்து முன்னோர்களை நிலவுக்கு ஏற்றும் முன் ஈ, எறும்பு, பேன், உண்ணி எதுவும் இல்லாமல் துடைத்துத்தான் ஏற்றினார்கள். அப்படியென்றால் இது இங்கேயே பிறந்தது. தோல் தின்னும் காளான் பாத்தியில் பிறந்து, கொழுத்து, மனிதன் மேல் ஏறியது. புது இனம்.

முப்பத்தைந்து வருஷம் அவர் தோலைப் பார்த்தார். அவர் பெயரில் ஒரு களிம்பு இல்லை, ஒரு சோப்பு இல்லை, ஒரு படைகூட இல்லை. ஓய்வு பெறச் சில மாதமே இருந்தது. அவர் அந்தப் புழுவைக் காதலோடு பார்த்து அதற்குப் பெயர் வைத்தார்: தங்கையா உண்ணி.

நிர்வாகி இளவழுதியிடம் அவர் சொன்ன தீர்ப்பு சுருக்கமானது. உண்ணியின் பிறப்பிடம் பாத்தி. எல்லாப் பாத்திகளையும் எரிக்க வேண்டும். இளவழுதி தொடையைச் சொறிந்துகொண்டே கணக்குப் போட்டார். பாத்தி போனால் சாப்பாடு போகும். சாப்பாடு போனால் ஊரைக் காலி செய்து பூமிக்கு அனுப்புவார்கள். நான்கு தலைமுறையாக நிலவின் லேசான இழுப்பில் வளர்ந்த எலும்பு பூமியில் நிற்காது. படியிறங்கும்போதே பாதிப்பேருக்குக் கால் முறியும், மீதிப்பேர் படுக்கையை விட்டு எழவேமாட்டார்கள். ஆனால் நிபுணர் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் எரிப்பது என்று முடிவாயிற்று.

செங்கமலம் தங்கையாவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு கை மண்ணு எடுத்து வெச்சுக்கட்டுங்ளா? அவரு பாத்தியிலிருந்துங். திங்கறதுக்கில்லீங். சும்மா டப்பாவுல போட்டு மூடி வெச்சுக்கறனுங்."

ஒரு கை மண்ணில் ஒரு லட்சம் முட்டை இருக்கும் என்றார் தங்கையா. இரக்கம் இல்லாத மனுஷர் இல்லை அவர். ஆனால் அந்தக் காளான் துண்டை அவர் யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் துப்பிவைத்திருந்தார். அந்தப் பாத்தி எரிவதில் தம் நாக்குக்கு ஒரு நிம்மதி இருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. செங்கமலம் கழுத்தைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார்.

அவர் போனதும் மங்கையர்க்கரசி வந்தார். கையில் தகடுகள். தங்கையா இன்னும் போகாத வீடுகளுக்குத் தாம் போனதாகச் சொன்னார். உள்ளேகூடப் போகவில்லை, மூடிய பெட்டிக்குள் துலக்கியின் கையாலேயே சுரண்டவைத்துச் சீல் வைத்துக் கொண்டுவந்தாராம். அங்கேயும் எல்லோரும் சொறிகிறார்கள். ஆனால் ஒரு தகட்டிலும் உண்ணி இல்லை.

"நீங்க குனிஞ்ச வீட்ல மட்டும்தான் இருக்கு டாக்டர்."

தங்கையாவுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. புருவத்தை நீவினார்.

"அதுல ஒரு முடி எனக்குத் தாங்க" என்றார் மங்கையர்க்கரசி மெதுவாக.

தங்கையாவின் முகம் கறுத்துவிட்டது. இரண்டு வேளை குளிக்கிறவன் நான், ஊரான் தோலைத் தின்கிறவன் இல்லை என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். உண்ணியைப் பற்றி நிச்சயம் இல்லை என்று நீங்களே நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தார். தங்கையா கதவைக் காட்டினார்.

வாசலில் நின்று அந்த அம்மாள் சொன்னது இது: "கலத்துல சொன்னேனே, ஒரு ஆள் போதும்னு. ஆள் கிடைச்சுட்டார். எனக்குத்தான் மனசு வரலை."

மத்தியானம் ஊர் முழுக்கப் பெரிய கூடத்தில் கூடியது. நிர்வாகி ஒரு மேசையில் நிபுணர்களுக்குத் தேநீர் ஊற்றிவைத்திருந்தார், ஆவி பறக்க. எரிகருவிகள் வரிசையாக நின்றன. தங்கையா நுண்ணோக்கியை மேடையில் வைத்துத் தம் உண்ணியைச் சுவரளவு திரையில் காட்டினார். யானை உயரத்துக்கு அது நெளிந்தது. வாயைத் திறந்தது, மூடியது. எட்டுக் காலும் எதையோ பிசைந்தன.

அவ்வளவுதான். பதினோராயிரம் பேரும் சேர்ந்து சொறிந்தார்கள். இருபதினாயிரத்துச் சொச்சம் கைகள். தலைக்கு மேல் தோல்துகள் மூடுபனிபோல எழுந்து நின்றது. முன்வரிசைக்காரர்கள் பேச வாயைத் திறந்தால் பின்வரிசைக்காரர்களின் முதுகு உள்ளே போனது. ஒருவர் நகத்தில் இன்னொருவர் ரத்தம். சட்டைகள் கிழிந்தன, பொருக்குகள் மழைபோலப் பொழிந்தன, துலக்கிகள் எதை முதலில் கூட்டுவது என்று தெரியாமல் ஒன்றோடொன்று மோதின. நடுவில் ஒரு நலவிசாரி புகுந்து, "உங்களுக்கு எங்கேயாவது அரிக்கிறதா?" என்று தேனொழுகக் கேட்டது.

தங்கையா திருப்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பேர் தம் கண்டுபிடிப்பைப் பாராட்டி அவர் கண்டதில்லை. அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்தார். யோசித்ததால் கட்டைவிரல் புருவத்துக்குப் போனது. ஒரு முடி கோட்டின் மேல் விழுந்தது.

மங்கையர்க்கரசி அதை இடுக்கியால் எடுத்தார். ஊரார் பார்க்க எடுத்தார், ஊரார் பார்க்கத் தகட்டில் வைத்தார், தகட்டை நுண்ணோக்கியில் செருகினார்.

திரையில் பனைமரம்போல ஒரு முடி. அதன் வேரில், தலை உள்ளேயும் வால் வெளியேயுமாக, ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் எட்டெட்டுக் காலோடு. ஒன்று மெல்லப் பின்வாங்கி வெளியே வந்து, வெளிச்சம் பிடிக்காமல் மறுபடி உள்ளே போனது.

தங்கையாவுக்கு அப்போதுதான் மாணவனாக இருந்தபோது படித்த பாடம் முழுவதும் ஞாபகம் வந்தது. பூமியில் வளர்ந்த மனிதர் முகங்களில் குடியிருக்கிற, சாதுவான, சொறி சிரங்கு எதையும் உண்டாக்காத, மிகப் பழைய வாடகைதாரர். அவர் குனிந்த இடமெல்லாம் அது இறங்கியிருக்கிறது.

கூடத்தில் சத்தம் நின்றது. அதிர்வுமானிகள் அந்தக் கணத்தில் எரிமலை அணைந்தது என்று பூமிக்குச் செய்தி அனுப்பின. பதினோராயிரம் பேரின் கைகளும் அவரவர் உடம்பிலிருந்து எழுந்து மூக்குக்கும் வாய்க்கும் போயின. எல்லாக் கண்களும் ஒரே முகத்தில். முன்வரிசை ஓரடி பின்னால் போனது, பின்பு அடுத்த வரிசை. ஒருவரும் கத்தவில்லை, திட்டவில்லை. மேடையைச் சுற்றி ஒரு வெற்றிடம் வட்டமாக அகன்றது, தண்ணீரில் எண்ணெய்த் துளி விழுந்ததுபோல.

நலவிசாரி தன் கடமையை மறக்கவில்லை. "உங்களுக்கு எங்கேயாவது அரிக்கிறதா?"

"எங்களுக்கில்லீங்" என்றார் ஒருவர். "அவருக்குத்தானுங்."

பாத்திகள் தப்பின. நிர்வாகி தூரத்தில் நின்றபடியே எரிகருவிகளைத் திருப்பி அனுப்பினார். செங்கமலம் அழுதார், சிரித்தார், மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கழுத்தில் கீறல் இருந்தது, அரிப்பு இல்லை. பிறகு பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில், ஆனால் தங்கையாவின் காதில் விழும்படி சொன்னார்: "அவரு திங்கத் தந்தமே, அந்த வட்டத் தட்டு. அத அக்கட்டால வீசிப்போடுங்."

மேசையில் தேநீர் அப்போதும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் கலத்தில் தங்கையாவுக்குக் கடைசி இருக்கை. புதுக்காங்கேயத்தார் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கொடுத்திருந்தார்கள், மரியாதையாக. தலையணையை எரித்துவிட்டார்கள். அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. உள்ளங்காலில், காதுமடலுக்குப் பின்னால், கை எட்டாத முதுகு நடுவில். மங்கையர்க்கரசி தடுப்பைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க புருவத்துலயும் இருக்கும்லா?" என்றார் தங்கையா கடைசியில்.

"இருக்கும். நிறையவே இருக்கும்."

"அப்பம் என்னத்துக்கு என்னைய மட்டும் பாத்தானுவ?"

"ஒரு ஆள் போதும்னு சொன்னேனே. ரெண்டாவது ஆளை யாரும் தேடலை. தேடினா மறுபடி அவங்கவங்க உடம்பைப் பார்க்கணும்."

அதெல்லாம் கதை என்றார் தங்கையா. ஆறு மாத அரிப்பு அன்றைக்குத் தானாக நிற்க வேண்டியது, நின்றது. காற்றில் ஈரம் கூட்டியிருப்பார்கள். தற்செயல். முப்பத்தைந்து வருஷமாகப் படை வந்தவர்களிடமும் வெண்புள்ளி வந்தவர்களிடமும் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: நாலு பேர் தள்ளி உக்காந்தா உக்காந்துட்டுப் போறானுவ, நீங்க மனசுல வைக்காதீங்க. எவ்வளவு லேசாகச் சொன்னோம் என்ற நினைப்பு இப்போது வந்தது. முதுகை இருக்கையில் தேய்த்துக்கொண்டார். தற்செயல்தான் என்று இன்னொரு முறை சொன்னார்.

அதே வருஷம் கோயம்புத்தூரில் நமைச்சல் ஆய்வாளர்களின் பேரவை கூடியது. தோல் மருத்துவர்கள், நரம்பு நிபுணர்கள், உளவியலாளர்கள், நமைச்சல் என்ற சொல்லுக்கு ஆயிரம் பக்கம் எழுதக்கூடியவர்கள். மங்கையர்க்கரசி நடந்ததைச் சொன்னபோது பலர் புன்னகைத்தார்கள். அடுத்து மறுத்துப் பேச டாக்டர் தங்கையாவை அழைத்தார்கள்.

தங்கையா நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். தற்செயல் என்று நிறுவுவதற்கு முன்னால், விஷயம் புரியட்டும் என்று தம் புருவ முடி ஒன்றைத் திரையில் போட்டார். "இது எனக்கு மட்டும் இருக்க சமாசாரம் இல்ல. இங்க உக்காந்திருக்க அத்தனை பேரு புருவத்துலயும் இது இந்த நிமிசம் ஊர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒங்களுக்குத் தெரியாததில்ல" என்றார்.

தெரியும்தான். எல்லோருக்கும் தெரியும். பாடம் நடத்துகிறவர்களே அவர்கள்தான். ஆனாலும் மூன்றாவது வரிசையில் ஒரு கை புருவத்துக்குப் போனது. பக்கத்தில் ஒரு கை மூக்கோரத்துக்கு. பின்னால் ஒருவர் தாடியைப் பிறாண்டினார். அரங்கம் முழுக்கக் கரகர கரகர. இதைப் படிக்கிற நீங்களும் கையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் நல்லது.

அப்புறம் ஒவ்வொருவராகத் திரையைப் பார்த்தார்கள். அதன் அடியில் எழுதியிருந்தது: சாமுவேல் தங்கையா, வலது புருவம். திரையிலிருந்து கண்கள் அவர் முகத்துக்கு வந்தன. கைகள் இறங்கின. சத்தம் அடங்கியது. மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரவைத் தலைவர், மிகுந்த மரியாதையோடு, முகத்தில் சிரிப்பு மாறாமல், தம் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். தம் தண்ணீர்க் குவளையையும் கூடவே நகர்த்திக்கொண்டார். முன்வரிசையில் மங்கையர்க்கரசி மட்டும் தம் புருவத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

தங்கையா அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தார். தயாரித்துக் கொண்டுவந்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒலிவாங்கி பக்கம் குனிந்தார். முதல்வரிசை லேசாகப் பின்னால் சாய்ந்தது.

"அந்தம்மா சொன்னது நெசந்தான். நடந்துச்சு" என்றார். "இப்பவும் நடந்துச்சு."